டெர்மினலில் மின்னஞ்சல்: ஆல்பைனிலிருந்து தொடங்குங்கள்

லினக்ஸில் ‘மட்’ என்ற மின்னஞ்சல் செயலியை நிறுவுகிறீர்கள். டெர்மினலில் அதன் பெயரைத் தட்டுகிறீர்கள். வெறுந்திரை வருகிறது. அடியில் ஒரே ஒரு வரி: உங்கள் பயனர் பெயரில் அஞ்சல் கோப்பு எதுவும் இல்லை. ஜிமெயிலில் குவிந்து கிடக்கும் கடிதங்களில் ஒன்றுகூடக் காணோம். எழுத்துத்திரைச் செயலிகளை முயன்று பார்க்க வருபவர்களில் பலர் இந்த இடத்திலேயே திரும்பிப் போய்விடுகிறார்கள்.

மட்டில் பழுதில்லை. அது தேடிய இடம்தான் வேறு. ஒரே யூனிக்ஸ் இயந்திரத்தைப் பலர் பகிர்ந்துகொண்ட காலத்தில், ஒவ்வொருவருக்கும் வந்த கடிதம் அதே இயந்திரத்தின் வட்டில் ஒரு கோப்பில் சேர்ந்துகொண்டே போகும். செயலி அந்தக் கோப்பைத் திறந்து காட்டினால் போதும். வேறு இடம் சொல்லப்படாதவரை மட் இன்றும் அங்கேதான் போய்ப் பார்க்கிறது.

உலாவியில் அஞ்சல் படித்துப் பழகியவர்களுக்குத் தெரியாமலே இருந்துவிடும் சங்கதி ஒன்று உண்டு. படிப்பது ஒரு வேலை, அனுப்புவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் சர்வர் வேறு, நெறிமுறை வேறு. வந்த கடிதங்களை ஐமேப் நெறிமுறை வழியாகப் பார்க்கிறோம். கடிதம் சர்வரிலேயே இருக்கும், செயலி அதை எட்டிப் பார்க்கும் சன்னல்தான். எழுதியதை எஸ்எம்டிபி வழியாக ஒப்படைக்கிறோம். ‘வந்ததெல்லாம் தெரிகிறது, அனுப்பத்தான் முடியவில்லை’ என்று ஒருவர் சொன்னால், முதல் சர்வர் சரி, இரண்டாவது இன்னும் அமைக்கப்படவில்லை என்று பொருள்.

ஆகவே எந்த எழுத்துத்திரைச் செயலியானாலும் அதற்கு நீங்கள் நான்கு பதில்கள் சொல்லியாக வேண்டும். வந்த கடிதம் எந்தச் சர்வரில் இருக்கிறது, எழுதியதை எந்தச் சர்வரிடம் கொடுப்பது, அனுப்புநர் என்று எந்த முகவரியைப் போடுவது, அனுப்பியதன் நகலை எங்கே வைப்பது. உலாவியில் இந்த நான்கையும் நிறுவனமே முடித்து வைத்திருக்கிறது. இங்கே அது உங்கள் கையில்.

இந்த நான்கையும் மட்டில் ஓர் அமைப்புக் கோப்பைக் கையால் எழுதித்தான் சொல்ல முடியும். ஆல்பைன் என்ற இன்னொரு மின்னஞ்சல் செயலியோ அவற்றைத் திரையிலேயே படிவம்போலக் கேட்டு வாங்கிக்கொள்ளும். தொடங்குபவருக்கு ஆல்பைனைச் சொல்வது அதனால்தான்.

ஆல்பைனின் முன்னோடி பைன். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989-இல் தொடங்கியது. ஐமேப் நெறிமுறையை வகுத்த மார்க் கிறிஸ்பின் பணியாற்றியதும் அங்கேதான். பைனின் உரிமம் கட்டுற்ற மென்பொருளுக்கு ஒத்துவராததால், 2007-இல் அப்பாச்சி உரிமத்தோடு ஆல்பைன் வெளியானது. பைனில் கடிதம் எழுதப் பயன்பட்ட சிறு எடிட்டர்தான் பிக்கோ. அதைப் பார்த்துச் செய்த கட்டுற்ற நகல் நேனோ. நேனோவில் திரையின் அடியில் எப்போதும் இரண்டு வரி விசைக்குறிப்பு இருக்குமே, அதே ஏற்பாடு ஆல்பைனிலும் உண்டு. நேனோ தெரிந்தவருக்கு ஆல்பைனில் கடிதம் எழுதுவது பாதி தெரிந்த வேலை. விசைக்குறிப்பில் எழுத்துக்கு முன்னால் வரும் கூரைக்குறி கன்ட்ரோல் விசையைக் குறிக்கும்.

டெபியன், உபுண்டு வகையில் ‘சூடோ ஏப்ட் இன்ஸ்டால் ஆல்பைன்’; ஃபெடோராவில் ‘ஏப்ட்’ இடத்தில் ‘டிஎன்எஃப்’. இந்தக் கட்டுரையில் தமிழெழுத்தில் இருக்கும் கட்டளைகளையும் முகவரிகளையும் டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். இணையத்தில் உதவி தேடும்போது ஒரு எச்சரிக்கை: ஆல்பைன் லினக்ஸ் என்ற இயங்குதளத்துக்கும் இந்தச் செயலிக்கும் பெயரைத் தவிர எந்த உறவும் இல்லை. தேடுசொல்லில் ‘மெயில்’ என்பதையும் சேர்க்காவிட்டால் அந்த இயங்குதளத்தைப் பற்றிய பக்கங்களாகக் கொட்டும்.

செயலியைத் திறக்குமுன் கடவுச்சொல் விஷயத்தை முடித்துவிடுவது நல்லது, ஏனென்றால் பெரும்பாலான முயற்சிகள் முட்டிக்கொள்வது இங்கேதான். ஜிமெயிலில் 2022 மே 30 முதல், தனிநபர் கணக்குகளின் வழக்கமான கடவுச்சொல்லை இப்படிப்பட்ட செயலிகளில் பயன்படுத்த முடியாது. முதலில் கூகுள் கணக்கில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள். பிறகு ‘ஆப் பாஸ்வேர்டு’ பக்கத்தில் ஒன்று உருவாக்குங்கள். 16 எழுத்துகள் நான்கு நான்காகப் பிரித்துக் காட்டப்படும்; இடைவெளி பார்வைக்காக மட்டுமே, தட்டும்போது வேண்டாம். அந்தப் பக்கத்தை மூடினால் மறுபடி அதைப் பார்க்க முடியாது, தொலைந்தால் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இதைச் செய்யாமல் வழக்கமான கடவுச்சொல்லைக் கொடுத்தால், செயலிக்கான தனிக் கடவுச்சொல் தேவை என்ற எச்சரிக்கை வரலாம். அதைப் படிக்காமல், எழுத்துப் பிழையோ என்று பத்துத் தடவை திரும்பத் தட்டுவதில் பயனில்லை.

மைக்ரோசாஃப்டின் அவுட்லுக் தனிநபர் கணக்குகளில் 2024 செப்டம்பர் 16 முதல் வெறும் கடவுச்சொல்லால் நுழைவது நிறுத்தப்பட்டது. அங்கே ஓஆத் முறைதான், அதாவது உலாவியில் நுழைந்து செயலிக்கு அனுமதி தருவது. ஆல்பைனின் புதிய பதிப்புகளில் அதற்கு ஆதரவு உண்டு என்றாலும், முதல் முயற்சிக்கு அது தலைவலி. கையில் ஜிமெயிலோ, சாதாரண ஐமேப் தரும் வேறு கணக்கோ இருந்தால் அதில் பழகிவிட்டு வாருங்கள்.

இனி அமைப்பு. டெர்மினலில் ஆல்பைன் என்று தட்டினால் ஒரு வரவேற்பு உரை வரும். ‘ஈ’ விசையை அழுத்தினால் அது விலகி முதன்மைப் பட்டியல் தெரியும். அங்கே ‘எஸ்’, அடுத்து ‘சி’. நீண்ட அமைப்புப் பட்டியல் ஒன்று திறக்கும். நூற்றுக்கணக்கான வரிகளைப் பார்த்து மலைக்க வேண்டாம். முதல் திரைக்குள்ளேயே நமக்கு வேண்டியது பெரும்பாலும் இருக்கிறது. அம்புக்குறியால் வரிக்குப் போய் ‘சி’ அழுத்தினால் மாற்றலாம்.

முதல் வரியில் உங்கள் பெயர். இரண்டாவதான யூசர் டொமைன் வரியில் ‘ஜிமெயில்.காம்’ மட்டும். மூன்றாவது, அனுப்புவதற்கான எஸ்எம்டிபி சர்வர்:

எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம்:587/டிஎல்எஸ்/யூசர்=பெயர்@ஜிமெயில்.காம்

சற்றுக் கீழே இன்பாக்ஸ் பாத் என்ற வரி. இது இரண்டு கேள்வி கேட்கும். சர்வர் எது என்பதற்கு:

ஐமேப்.ஜிமெயில்.காம்:993/எஸ்எஸ்எல்/யூசர்=பெயர்@ஜிமெயில்.காம்

எந்த ஃபோல்டர் என்பதற்கு அது தருகிற ‘இன்பாக்ஸ்’ என்பதையே விட்டு என்டர். சர்வர் பெயரைச் சுற்றி இரட்டைவளை அடைப்புக்குறியைச் செயலியே போட்டுக்கொள்ளும், நீங்கள் போட்டால் குழப்பம்.

சர்வரின் கதவு எண்களுக்கும் (போர்ட்) சாய்கோட்டுக்குப் பின் வரும் சொற்களுக்கும் தொடர்பு இருக்கிறது. 993-இல் இணைப்பு முதல் எழுத்திலிருந்தே மறையாக்கம் பெற்றது; அதற்கு எஸ்எஸ்எல். 587-இல் இணைப்பு சாதாரணமாகத் தொடங்கி, பிறகு மறையாக்கத்துக்கு மாறும், அதற்கு டிஎல்எஸ். 465 என்றால் மறுபடி எஸ்எஸ்எல். 587-க்கு எஸ்எஸ்எல் என்று மாற்றி எழுதினால், ஒருபக்கம் மறையாக்கத்தில் பேசத் தொடங்கும், மறுபக்கம் வெறும் எழுத்தில் வணக்கம் சொல்லும். பிழைச்செய்தி அல்லது அசைவற்ற திரைதான் மிச்சம்.

அடுத்தது டீஃபால்ட் எஃப்சிசி என்ற வரி, அதாவது அனுப்பியதன் நகல் சேரும் இடம். ஜிமெயிலின் எஸ்எம்டிபி சர்வர் தன் வழியாகப் போகும் ஒவ்வொரு கடிதத்தையும் தானே ‘சென்ட் மெயில்’ ஃபோல்டரில் போட்டுக்கொள்கிறது. ஆல்பைனும் ஒரு நகல் வைத்தால் ஒவ்வொன்றும் இரண்டிடத்தில் கிடக்கும். ஆகவே இந்த வரியில் உள்ளே எதுவுமில்லாத ஒரு சோடி மேற்கோள்குறி மட்டும் போடுங்கள். வேறு நிறுவனத்தின் சர்வர் என்றால் அது தானாகச் சேமிக்கிறதா என்று ஒரு கடிதம் அனுப்பிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மூன்றாவது கேள்வியான அனுப்புநர் முகவரியில் ஒரு பொறி. உங்கள் லினக்ஸ் பயனர் பெயரோடு யூசர் டொமைனை ஒட்டித்தான் ஆல்பைன் முகவரியை உருவாக்குகிறது. கணினியில் பெயர் ‘குமார்’ என்றும் ஜிமெயிலில் வேறாகவும் இருந்தால், இல்லாத முகவரியிலிருந்து கடிதம் போகும். ஜிமெயில் அதைத் திருத்தி அனுப்பிவிடும். கண்டிப்பான சர்வர்கள் வாங்கவே மறுக்கும். அதே பட்டியலில் ‘கஸ்டமைஸ்டு ஹெட்டர்ஸ்’ என்ற வரியைத் தேடி, ‘ஃப்ரம்’ என்று எழுதி முக்காற்புள்ளி வைத்து, முழு முகவரியையும் கொடுங்கள். இந்த நீண்ட பட்டியலில் கண்ணால் தேட வேண்டாம், ‘டபிள்யூ’ அழுத்தினால் சொல் தேடலாம்.

‘ஈ’ அழுத்தி வெளியேறும்போது மாற்றங்களைப் பதியவா என்று கேட்கும், ‘ஒய்’. எல்லாம் உங்கள் ஹோம் டைரக்டரியில் ‘.பைன்ஆர்சி’ என்ற கோப்பில் சேரும். பெயரில் இன்னும் பைன்தான்.

செயலியை மூடித் திறந்தால் கடவுச்சொல் கேட்கும். அந்த 16 எழுத்து. முதன்மைப் பட்டியலில் ‘ஐ’ அழுத்தினால் உள்பெட்டி வந்துவிடும். முதல்முறை கடிதம் அனுப்பும்போது மறுபடி கடவுச்சொல் கேட்டால் பதற வேண்டாம். அது இரண்டாவது சர்வருக்காக.

வரவில்லை என்றால்? இணைப்பே கிடைக்காமல் நின்றால், தவறு ஆல்பைனிலா வலையமைப்பிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். ‘ஓப்பன்எஸ்எஸ்எல் எஸ்_கிளையன்ட் -கனெக்ட் ஐமேப்.ஜிமெயில்.காம்:993’ என்ற கட்டளை சான்றிதழ் விவரங்களைக் கொட்டிவிட்டு, கடைசியில் நட்சத்திரக்குறியும் ‘ஓகே’யும் கொண்ட வரியில் நின்றால் பாதை திறந்திருக்கிறது. அதுவும் வரவில்லை என்றால் அலுவலகம், கல்லூரி போன்ற இடங்களின் ஃபயர்வால் அந்தக் கதவை அடைத்திருக்கலாம். கைபேசி ஹாட்ஸ்பாட்டில் முயன்றால் தெரிந்துவிடும். சான்றிதழ் நம்பத்தக்கதல்ல என்று வந்தால் கணினியின் தேதியைப் பாருங்கள், பிறகு ‘சிஏ-சர்டிஃபிகேட்ஸ்’ பொதி நிறுவப்பட்டிருக்கிறதா பாருங்கள். சான்றிதழைச் சோதிக்காமல் விட ஒரு வழியும் ஆல்பைனில் இருக்கிறது. பொதுச் சர்வர்களுக்கு அதைத் தொடவே தொடாதீர்கள். நடுவில் எவர் உட்கார்ந்து கடவுச்சொல்லை வாங்கினாலும் உங்களுக்குத் தெரியாது.

அன்றாடப் புழக்கம் சுலபம். என்டர் கடிதத்தைத் திறக்கும், ‘ஆர்’ பதில், ‘எஃப்’ முன்னனுப்பல், ‘வி’ இணைப்புகள், ‘சி’ புதுக் கடிதம். எழுதி முடித்தால் கன்ட்ரோல்-எக்ஸ், பாதியில் நிறுத்தி வைக்க கன்ட்ரோல்-ஓ. கன்ட்ரோல்-ஜே மட்டும் இரட்டை வேடம் போடும். மேலே முகவரி, தலைப்புப் பகுதியில் இருக்கும்போது அது கோப்பை இணைக்கும். உடற்பகுதியில் அதே விசை பத்தியை மடித்துச் சீராக்கும். கோப்பு இணைக்கப்போய்ப் பத்தி நிலைகுலைந்தால், கர்சர் தவறான இடத்தில் இருந்திருக்கிறது. புதுக் கடிதம் வந்திருக்கிறதா என்று ஆல்பைன் 150 விநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கும். ஓடிபி எண்ணுக்காகக் காத்திருக்கும்போது அது நீண்ட நேரம். கன்ட்ரோல்-எல் உடனே பார்க்கச் செய்யும்.

அழிப்பதுதான் புதியவர்களைக் குழப்புவது. ‘டி’ அழுத்தினால் கடிதம் போகாது, அழிக்க வேண்டியது என்ற குறி மட்டும் விழும். மனம் மாறினால் ‘யூ’. ‘எக்ஸ்’ அழுத்தும்போதோ, வெளியேறுகையில் கேட்கப்படும் கேள்விக்கு ஆம் என்னும்போதோதான் குறியிட்டவை நீங்கும். இந்த இரண்டு கட்ட ஏற்பாடு ஆல்பைனின் பிடிவாதமல்ல, ஐமேப் நெறிமுறையே அப்படி. ஜிமெயிலில் இதற்கும் மேலே ஒரு சுற்று: ஃபோல்டர் என்று நமக்குத் தெரிவது அங்கே ஒரு முகப்புச்சீட்டுதான். உள்பெட்டியிலிருந்து நீக்கினால் பொதுவாக அந்தச் சீட்டு மட்டும் கழன்று, கடிதம் ‘ஆல் மெயில்’ ஃபோல்டரில் தங்கிவிடும். உண்மையில் தொலைய வேண்டுமானால் ‘எஸ்’ விசையால் ‘ட்ராஷ்’ ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். 30 நாளில் ஜிமெயிலே அழித்துவிடும். அந்த ஃபோல்டர்கள் கண்ணில் படவே, முதன்மைப் பட்டியலில் ‘எஸ்’, ‘எல்’, ‘ஏ’ என்று அழுத்தி, அதே ஐமேப் சர்வர் வரியைச் சேர்த்து, பாத் என்பதை வெறுமையாக விட்டு, கன்ட்ரோல்-எக்ஸ் கொடுக்க வேண்டும்.

தமிழ்க் கடிதங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். தமிழுக்குப் பதில் கேள்விக்குறிகளாகத் தெரிந்தால் ‘லொகேல்’ கட்டளையைத் தட்டுங்கள். வரும் வரிகளில் யூடிஎஃப்-8 என்ற யூனிகோட் குறியாக்கத்தின் பெயர் இல்லையென்றால் அதுதான் காரணம். எழுத்து தெரிகிறது, ஆனால் கொம்பும் காலும் இடம்மாறி நிற்கின்றன, கர்சர் ஓரிடத்திலும் தட்டும் எழுத்து வேறிடத்திலும் விழுகின்றன என்றால், அது ஆல்பைனால் மட்டும் தீர்க்க முடியாதது. டெர்மினல் என்பது சம அளவுக் கட்டங்களால் ஆன தாள். ஓர் எழுத்து எத்தனை கட்டம் எடுக்கும் என்று செயலி ஒரு கணக்குப் போடும், டெர்மினல் ஒரு கணக்குப் போடும். யூனிகோடில் புள்ளியும் ‘கீ’யின் சுழியும் இடம் எடுக்காத குறிகள், ‘கி’யின் கொக்கியும், கொம்பும், காலும் இடம் எடுக்கும் குறிகள். அதாவது ‘கி’க்கு ஒரு கணக்கு, ‘கீ’க்கு வேறு கணக்கு! இரண்டு கணக்கும் ஒத்துப்போகாத டெர்மினலில் வரி முழுக்க நகர்ந்துவிடும். கான்சோல், எம்எல்டெர்ம் போன்ற டெர்மினல்களை மாற்றி மாற்றித் திறந்து ஒரே கடிதத்தைப் பார்த்து, உங்கள் கண்ணுக்கு எது ஒத்துவருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். வரைகலை இல்லாத வெறும் கன்சோலில் தமிழை எதிர்பார்க்க வேண்டாம், அதன் எழுத்துருவில் 512 வடிவங்களுக்கு மேல் இடமில்லை. திரையில் எப்படிக் கோணலாகத் தெரிந்தாலும் நீங்கள் தட்டிய எழுத்துகள் சரியாக இருந்தால் பெறுபவருக்குச் சரியாகவே போய்ச் சேரும்.

நிறுவனங்கள் அனுப்பும் வண்ண வண்ண எச்டிஎம்எல் கடிதங்களை ஆல்பைன் வெறும் எழுத்தாக்கிக் காட்டும். வெளியிலுள்ள படங்களை இழுத்து வராது. நீங்கள் கடிதத்தைத் திறந்தீர்களா என்று வேவு பார்க்கக் கடிதத்துக்குள் ஒளித்து வைக்கும் ஒற்றைப்புள்ளிப் படங்களும் அதனால் செயலிழந்துவிடுகின்றன. படத்துக்குள்ளேயே முழுச் செய்தியையும் எழுதி அனுப்பும் விளம்பரங்கள் வெற்றுத்தாளாக வரும். பெரிய இழப்பில்லை.

எழுத்துத்திரைச் செயலிக்கு இன்றும் தேவை குறையாத ஓர் இடம், லினக்ஸின் மையநிரலான கெர்னலை எழுதுவோர் உலகம். அங்கே நிரல் திருத்தங்கள் கடிதத்தின் உடலிலேயே எழுத்தாகப் போகின்றன. ஜிமெயிலின் வலைப்பக்கம் டேப் எழுத்தை வெற்றிடங்களாக மாற்றி, நீண்ட வரியை ஒடித்துவிடும். அப்படிப் போன திருத்தத்தை மறுமுனையில் பொருத்தவே முடியாது. எந்தச் செயலியை எப்படி அமைப்பது என்று கெர்னல் ஆவணங்களில் தனிப் பகுதியே இருக்கிறது. ஆல்பைனில் அனுப்புமுன் வரிக்கடைசி வெற்றிடங்களை வெட்டாமலும், வரிகளை நெகிழ்வடிவமாக மாற்றாமலும் இருக்க முதலாவதற்கான தெரிவை அணைக்கவும், இரண்டாவதற்கானதை இயக்கவும் சொல்கிறது அது.

ஆல்பைனில் சில வாரம் புழங்கிய பிறகு மட்டுக்குத் திரும்பினால், முதலில் மிரட்டிய அமைப்புக் கோப்பு இப்போது புரியும். அதே நான்கு பதில்கள், இம்முறை ‘.மட்ஆர்சி’ என்ற கோப்பில் ‘செட்’ என்று தொடங்கும் வரிகளாக. ‘ஸ்பூல்ஃபைல்’ உள்பெட்டி, ‘எஸ்எம்டிபி_யூஆர்எல்’ அனுப்பும் சர்வர், ‘ஃப்ரம்’ முகவரி, ‘ரெக்கார்டு’ நகல். கடவுச்சொல்லை அந்தக் கோப்பில் வெளிப்படையாக எழுதி வைக்காதீர்கள். சோதனைக்காக எழுதியே தீர வேண்டுமென்றால் ‘சிஎச்மோட் 600’ கொடுத்து மற்றவர் படிக்க முடியாமல் செய்யுங்கள், அந்தக் கோப்பைக் கிட்ஹப்பில் ஏற்றிவிடாமலும் பாருங்கள். குறியிட்டதை அழிக்க இங்கே டாலர் விசை, அனுப்ப ‘ஒய்’. கடிதம் எழுத மட் வெளி எடிட்டரைத் திறக்கும். அது விஐ ஆக இருந்து நீங்கள் அதில் புதியவர் என்றால், எஸ்கேப் அழுத்தி, முக்காற்புள்ளி, ‘க்யூ’, ஆச்சரியக்குறி தட்டி வெளியே வாருங்கள். அமைப்பில் ‘எடிட்டர்’ என்பதை நேனோ ஆக்கிவிடுங்கள். உள்பெட்டியில் ஆயிரக்கணக்கில் கடிதம் இருந்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் மட் எல்லாத் தலைப்புகளையும் முதலிலிருந்து இறக்கும். ‘ஹெட்டர்_கேச்’ வரியில் ஒரு டைரக்டரியைக் காட்டினால், இரண்டாம் முறையிலிருந்து புதிதாக வந்தவற்றை மட்டும் இறக்கும்.